பூர்ணிமா கம்பெனியின் கேள்வித்தாள்

“புருஷன் பேர்?” என்று கேட்டார் பங்கிராஸ்.

“ஒடையப்பன்” என்றாள் காத்தாயி. சொல்லிவிட்டு, கடலை உரிப்பதைத் தொடர்ந்தாள்.

முதல் கேள்வி சுலபமாக முடிந்ததில் பங்கிராஸுக்குப் பாதி உயிர் வந்தது. பூர்ணிமா கம்பெனி ஐம்பத்தெட்டில் திருமயம் பக்கத்துக் கல்லுடைக்கிற ஆட்களைச் சந்திர மண்டலச் சுரங்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. போன நாற்பத்து மூன்று பேரும் பாறை சரிந்து செத்தார்கள். அது கம்பெனி மேலிடத்துக்கும், குமாஸ்தாவான அவருக்கும்தான் தெரியும்.

ஊருக்குள் ஒப்பாரி கேட்டால் அடுத்த கப்பலுக்கு எவன் வருவான்? அதனால் செத்தவனைப் போலவே யந்திர மனிதன் செய்தார்கள், மச்சம் தழும்பு ஒன்று விடாமல். முதல் யந்திரம் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாசம் ஆகிறது.

பெண்டாட்டியே ஏமாந்துவிட்டால் மீதி நாற்பத்திரண்டையும் செய்துவிடலாம். அவளுக்குச் சந்தேகம் தட்டினால், யந்திரத்தோடு அவளையும் ஜீப்பில் ஏற்றி வரச்சொல்லி உத்தரவு. ஏற்றிப்போய் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஜீப் கண்மாய்க் கரையில் நின்றது.

“சாப்பாடெல்லாம் எப்படி?”

“வச்சதத் திங்குது.”

“பேச்சு?”

“கொறைச்சல்தான். ஒடையப்பன் குடிக்கிறதும் இல்ல, என்னைய அடிக்கிறதும் இல்ல.”

“அது நல்லதுதானேம்மா.”

அவள் அடுத்த கடலையை உடைத்தாள். வெளியே பொட்டலில் உடையப்பன் உச்சி வெயிலில் கல் உடைத்துக்கொண்டிருந்தான். முதுகில் வியர்வைகூட வழிந்தது.

கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது.

“போனதுக்கும் வந்ததுக்கும் ஏதாச்சும் மாத்தம் தெரியுதா?”

“என்னத்தத் தெரியப்போகுது? ஒடையப்பன் ஒடையப்பனாத்தான் இருக்கு.”

மை டப்பாவை நீட்டினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. செத்தவனுக்கு அழக்கூட விடாமல் செய்துவிட்டோமே என்று நினைத்தார்.

காகிதத்தை மடிக்கும்போதுதான் முதல் வரியில் கண் நின்றது. ஆள் எடுக்க வந்த அன்றும் இதே இடத்தில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அன்று காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் பேரைச் சொன்னது பக்கத்து வீட்டு முனியாயி.

“ஏம்மா…” என்றார்.

காத்தாயி நிமிரவில்லை. முறத்திலிருந்த தோலை ஊதிவிட்டுக் கேட்டாள்.

“நெலாவுல எந்தப் பக்கமுங்க அவுகளப் பொதைச்சிருக்கீங்க?”