எட்டாம் வாய்ப்பாடு

படைமுகாம் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் மதிப்பெண் அட்டை தொங்குகிறது. அதில் பெயர்களைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். அப்பாக்களுக்கு மாற்றல் வர வர அழித்து அழித்துத் தேய்ந்துபோன அட்டை வழியே வெளியே நிற்கும் லாரி தெரிகிறது என்றால் நம்ப வேண்டாம். லாரி நிற்பது நிஜம். கட்டில், பீரோ, சுருட்டிய மெத்தை எல்லாம் ஏறிவிட்டன; சிப்பாயின் மகள்தான் பாக்கி. மழை மூட்டத்தில் மங்கிய கரும்பலகை முன் நிற்கிறாள். எந்தப் பள்ளியிலும் அவள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டியதில்லை. லாரி ஹாரன் அடிக்கிறது.

"அவன் கத்தட்டும். நீ சொல்லும்மா," என்கிறாள் டீச்சர்.

"எட்டொம்பது எழுபத்திரண்டு. எட்டுப்பத்து எண்பது."

டீச்சர் மளமளவென்று ஒரு சீட்டு எழுதுகிறாள்: 'இவளுக்கு எட்டு வரை தெரியும். ஒன்பதிலிருந்து தொடங்கவும்.' "புது டீச்சர்கிட்ட மறக்காம குடு."

சிறுமி பென்சில் டப்பாவைத் திறக்கிறாள். உள்ளே இதே மாதிரி மூன்று சீட்டுகள், மூன்று கையெழுத்தில்.

"இதெல்லாம் குடுக்கலையாடி?"

"குடுத்தேன் டீச்சர். புதுசா வந்தா ஒண்ணாம் வாய்ப்பாட்டுலேருந்துதான்னு திருப்பிக் குடுத்துடுவாங்க."

"யாரு அப்படிச் சொன்னது?"

"எல்லாரும். நீங்களும்தான் டீச்சர்."

ஹாரன் மறுபடி அடிக்கிறது. அட்டையில் அவள் பெயருக்கு நேரே, டீச்சர் கையில் ரப்பர் அசையாமல் இருக்கிறது.