புதன்கிழமை கிளாஸ்

நாலு வருஷமா உங்களோடதா இருந்த இடத்துல திடீர்னு இன்னொருத்தன உக்கார வெச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்பாசாமிக்கு வயிறு எரிஞ்சுது.

திருவண்ணாமலையில அந்த ஆஸ்பத்திரியில, பயிற்சி டாக்டருங்களுக்குப் புதன்கிழமை கிளாஸ்னா அப்பாசாமிதான். இன்னிக்கு வேங்கிக்கால் வேணுவ உள்ள கூப்பிட்டுட்டாங்க.

"அவன் நேத்து வந்தவன் சார்! என்னால எத்தினி பேரு டாக்டர் ஆயிருக்காங்க!"

பெரிய டாக்டர் இராமலிங்கம் சிரிச்சாரு. "இனிமே உங்ககிட்ட கத்துக்க ஒண்ணும் இல்ல அப்பாசாமி. சட்டையத் தூக்குங்க."

இடது விலாவுக்குக் கீழ அமுக்கிப் பார்த்தாரு.

"மண்ணீரல் வீக்கம் சுத்தமா வடிஞ்சிடுச்சு. போன வாரமே கிளாஸ்ல பசங்க கைக்குத் தட்டுப்படல. இப்ப வேணுவுக்குத்தான் வீக்கம் ஜாஸ்தி. நீங்க சந்தோஷமா வீட்டுக்குப் போங்க. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க, விட்டா திரும்ப வீங்கிடும்."

உள்ள ஒரு டாக்டரம்மா வேணு வயித்துல கைய வெச்சு, "வலிக்குதாண்ணே?"னு கேட்டாங்க. போன வாரம் அப்பாசாமிய அப்படித்தான் கேட்டாங்க. வீட்டுல அவர அப்படிக் கேக்க யாரும் இல்ல.

மறுநாள் காலையில அப்பாசாமி மாத்திரை போடல.