இளைப்பு மாத்திரை

"இன்னிக்கு ஒருத்தரையும் சும்மா விடாதே மார்த்தா! கொண்டை, மடிப்பு, வாய்க்குள்ள, எல்லாத்தையும் பாரு!"

போலீஸ் சார்ஜன் அர்ச்சுனன் போட்ட சத்தத்தில், தோட்டத்து முள்வேலிக் கதவருகே வரிசையில் நின்ற பால்வெட்டுப் பெண்கள் வெலவெலத்துப் போனார்கள்.

அவசரகாலம் வந்ததிலிருந்து தினமும் காலையில் இந்தச் சோதனைதான். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக் கூடாது. பெண்களைச் சோதிப்பதற்கென்றே போலீஸ் வெளியூரிலிருந்து மார்த்தாவைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அவளைக் கண்டால் தோட்டமே நடுங்கும்.

"நேத்து பட்டாளம் காட்டுல ஒரு முகாமைப் பிடிச்சிருக்கு. அங்க என்ன கெடந்துச்சு தெரியுமா? எபெட்ரின்! மூச்சு இளைப்பு மாத்திரை! யாரோ இந்த கேட்டு வழியாத்தான் கொண்டு போறீங்க. மாட்டுனா அவ்வளவுதான், குடும்பத்தோட நாடு கடத்திக் கப்பல் ஏத்திருவாங்க!"

ஏழாவதாக நின்ற தாயம்மா லயத்து வீடுகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் இன்று மாத்திரை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அவள் பால் வெட்டும் நிரையில் கடைசி ரப்பர் மரத்துக்கு அப்பால், புதருக்குள் ஒருவன் மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறான். முகாம் சிதறியபோது கூட்டாளிகளை விட்டு ஓடி வந்தவன். சரணடையப் போகிறான். கோலா பிலா சாலைக்கு நாலு மைல் நடக்க அவனுக்கு மூச்சு வேண்டும். அதற்குள் கூட்டாளிகள் கண்ணில் பட்டால் சுட்டுவிடுவார்கள்.

"ஏ, வா இங்க!"

மார்த்தா அவளை முரட்டுத்தனமாக மறைப்புத் தட்டிக்குள் இழுத்தாள். இடுப்பு, மடிப்பு, சட்டை ஓரம் என்று விரல்கள் துழாவின. கொண்டையை அவிழ்த்து உதறினாள். அதற்குள்ளேயே மார்த்தாவுக்கு மூச்சு வாங்கியது.

"தலையக் கூட ஒழுங்கா முடியத் தெரியல" என்று திட்டிக்கொண்டே தானே இழுத்து முடிந்து, "போ!" என்று தள்ளிவிட்டாள்.

தாயம்மா பத்தடி போயிருப்பாள்.

"நில்லு!" சார்ஜன் குறுக்கே வந்தார். "மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது? வாளியக் காட்டு!"

வாளியைக் கவிழ்த்தார். காலி. அவர் பார்வை மெல்ல அவள் தலைக்கு ஏறியது.

"கொண்டைய அவுரு."

தாயம்மா வாளியை வாங்கக் கை நீட்டினாள்.

"ஐயா!" மார்த்தா கத்தினாள். "இப்பத்தானே அவுத்து உதறிப் பார்த்தேன்? என் மேல நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பார்த்துக்குங்க. நான் போறேன்!"

சார்ஜன் தயங்கினார். பின்னால் இன்னும் முப்பது பேர். வேலை மேய்க்கும் மண்டோர் வேறு நேரமாகிறது என்று விசில் ஊதினார்.

"சரி சரி, போ!"

ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் தாயம்மா நிரையைக் கடந்தாள். கடைசி மரம் தாண்டியதும் விசில் போல அந்த மூச்சு கேட்டது. புதரை விலக்கினாள். உதடு நீலம் பாரித்துக் குந்தியிருந்தான் அவன்.

"தம்பி, வந்துட்டேன்!"

கொண்டையை அவிழ்த்தாள். உள்ளிருந்து சிறு துணி முடிச்சு விழுந்தது. ஆறு மாத்திரைகள்! அவன் ஒன்றை விழுங்கி மரத்தில் சாய்ந்தான். தாயம்மா கைகளைப் பிசைந்தபடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரத்தில் அந்த விசில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவன் எழுந்து நின்றான்!

"நடந்துருவேன் அக்கா. ரோட்டுக்குப் போயி கையத் தூக்கிருவேன்."

"ஓடு தம்பி, நிக்காத!"

இரண்டடி வைத்தவன் திரும்பினான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அக்கா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் தனக்குக் குடுக்குற மாத்திரையத்தான் எங்கம்மா எனக்காக உங்க கொண்டையில சொருகி விடுறாங்க. இன்னிக்கு கேட்டுல அவங்களுக்கு மூச்சு எப்படி இருந்துச்சு?"