மாதா உடுத்திய சேலை

ஓலைக் கொட்டகைக் காலத்திலிருந்து தாம்பரம் மாதா சிற்றாலயத்தின் வரலாற்றை எழுதிவந்த எட்மண்டுக்கு ஒரே மனக்குறை: அதில் தம் பெயர் எங்கும் இல்லை. சேலையை ஏலம் எடுத்தவர் என்றாவது அதில் ஏறிவிடலாம் என்று, 1968 திருவிழாவில் மாதாவுக்குச் சாத்திய சேலையை ஏலம் விட்டபோது, படப்பை அரிசி மண்டி துளசிங்கத்தோடு மல்லுக்கட்டினார்.

"நமக்கும் மாதாதான் சார், வுட்டுக் குடுங்க!"

"இது வரலாறு, துளசிங்கம்! விடமாட்டேன்!"

வென்ற சேலையோடு, மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போய் மனைவியிடம் நீட்டினார்.

"அமலம், மாதா உடுத்தினது! கண்ணுல ஒத்திக்கோ."

பிரித்துப் பார்த்த அமலராணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"போன கிறிஸ்மஸுக்கு நீங்க எடுத்துத் தந்த பாசிப்பச்சைதாங்க இது! இனிமே என் கண்ணுலயே படக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நான்தான் கோயிலுக்குக் குடுத்தேன். ஒரே திருவிழா, மாதாவாலயே தாங்க முடியல. திருப்பி அனுப்பிட்டாங்க!"