வாசல்ல நின்னதுக்கே காசு

"நான் சொல்றதைக் கேளு பாப்பா. அந்த நாட்டு விலைவாசி உங்களுக்குக் கட்டுப்படியாகாது," என்றார் அண்ணன். போன வருஷம்தான் அங்கிருந்து திரும்பி வந்தவர்.

"வாடகை எப்படிண்ணே?" என்று கேட்டாள் தங்கை.

"சம்பளத்துல பாதியை முழுங்கிடும்."

அவள் கணவரின் முகம் சுண்டிப்போனது. அங்கே வேலைக்கு வருகிறாரா இல்லையா என்று இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"குழாய் ஒழுகினா அதைவிடக் கொடுமை மாப்ளே. ஆளைக் கூப்பிட்டா வாசல்ல வந்து நின்னதுக்கே தனிக் காசு. ஒரு வாஷர் மாத்த நான் தண்டம் அழுத பணத்துல இங்க ஒரு மாசம் குடும்பம் நடத்தலாம்."

அவள் எழுந்துபோய்ப் பெட்டியை இறக்கினாள்.

"இவ்வளவு சொல்லியுமா கிளம்புறே?"

"நீங்க சொன்னதாலதாண்ணே," என்றவள், கணவர் தினமும் வேலைக்கு எடுத்துப்போகும் பைப் ரெஞ்சைத் துணியில் சுற்றி முதலில் உள்ளே வைத்தாள்.