நாலு கிலோ இரும்பு

சாயங்கால வெயிலில், ஓட்டக்காரிகளுக்கு வெகு பின்னால், குண்டு எறிகிறவள் பத்தாவது ரவுண்டை முடித்து இரைக்க இரைக்க வந்து நிற்கிறாள். குண்டைத் தொட்டு இருபது நாளாகிறது. ஜிம் வாசலில் நிற்கும் புது மாஸ்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "எல்லாருக்கும் ஒரே டெஸ்ட்தான். ஓட்டத்துல தேறலைன்னா போட்டிக்கு உன் பேர் போகாது." "சார், நான் ஏழடி வட்டத்துக்குள்ள நின்னு எறியுறவ. எனக்கு எதுக்கு சார் பத்து ரவுண்டு?" "பேச மட்டும் மூச்சு இருக்கு, பாரு!" ஓட்டக்காரி ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள். இவளுக்குக் காது மடல் சுடுகிறது. தலையைக் குனிந்தவள் அப்போதுதான் பார்க்கிறாள். ஜிம் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருப்பது அவளுடைய குண்டு. ஆறு வருஷமாக அவள் கழுத்தில் பதிந்து பதிந்து வழவழத்துப்போன நாலு கிலோ இரும்பு. அதன்மேல் யாருடைய செருப்பு மண்ணோ அப்பியிருக்கிறது. குனிந்து எடுத்து, பனியனில் துடைக்கிறாள். கதவு டமாரென்று அறைந்து சாத்திக்கொள்கிறது. மாஸ்டர் துள்ளி விலகுகிறார். "ஏய், கதவு!" "அதுக்கு ஏதாவது கல்லை வைங்க சார்." குண்டைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்துப் போகிறாள். ஓடவில்லை, நடந்தே போகிறாள்.