சதுரத்துக்கு வெளியே

என் கணவர் கபிலனின் முழங்காலுக்குள் இருப்பது கரிநாரில், அதாவது கார்பன் இழையில், நெய்த தசைநாண். அதே நாரின் ஒரு துண்டை மருத்துவமனை பத்திரமாக வைத்திருக்கிறது. வருடந்தோறும் அந்தத் துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாருக்குள் இருக்கும் உலோகக் கார்பைடு மணிகள் உருகி ஒட்டியிருந்தால், நார் கெட்டுவிட்டது என்று காலிலிருக்கும் தசைநாணை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

இந்த வருடம் ஒட்டியிருந்ததாம். இன்று ஆபரேஷன். எனக்கு நம்பிக்கையில்லை. வலிக்கிறது என்று இந்த மனிதர் ஒருநாளும் முனகியதில்லையே?

பரிசோதனைக்கூடத்தில் மல்லுக்கட்டிப் படத்தை வாங்கிப் பார்த்தேன். நடுவே ஒரு சதுரத்துக்குள் மட்டும் மணிகள் உருகி ஒட்டித் திரண்டிருந்தன. சுற்றிலும் கடுகை இறைத்ததுபோல் பொடியாகவே கிடந்தன.

“அதென்னங்க சதுரம்?”

“நுண்ணோக்கியோட எலக்ட்ரான் கதிர் படுற இடம்மா. வருஷா வருஷம் அதே இடத்தைத்தான் பார்ப்போம். அப்பத்தானே மாறுனது தெரியும்?” என்றார் டெக்னீசியன், பெருமையாக.

“இவரு காலுக்குள்ள என்னைக்காவது அந்தக் கதிர் பட்டுச்சா?”

நான் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினேன். கதவைச் சாத்தியிருந்தார்கள். வெளியே நின்ற நர்ஸ் சிரித்தாள்.

“உங்க வீட்டுக்காரரு லிஃப்டுக்குக்கூட நிக்கலக்கா. மூணு மாடியும் கடகடன்னு படியேறி வந்து படுத்துட்டாரு.”